டிகிரியும் படியும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்தை நெருங்குமிடத்தில், சவுக்குத் தோப்புகளும் பனைகளும் பின்வாங்கிக்கொள்ள, வானத்தைச் சதுரம் சதுரமாக அறுத்துத் தரையில் பரப்பினாற்போல உப்பளங்கள் விரியத் தொடங்குகின்றன. சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில் அவ்வழியே சென்றபோது, பித்தளை டபராக்களை வரிசையாகக் கவிழ்த்துவைத்திருந்த சாலையோரக் கடையொன்றில் டிகிரி காப்பி அருந்திவிட்டு, வேடிக்கை பார்க்கும் எண்ணத்துடன் உப்பள வரப்பில் இறங்கி நடந்தேன். சற்றுத் தொலைவில், வேட்டியை மடித்துக் கட்டிய முதியவர் ஒருவர் பாத்தி நீரை ஒரு குவளையில் முகந்து, அதில் நீண்ட கழுத்துடைய கண்ணாடிக் குமிழ் ஒன்றை மிதக்கவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். “என்ன ஐயா பார்க்கிறீங்க?” என்று கேட்டேன். “டிகிரி பாக்கறேன் தம்பி. இருபத்திரெண்டுலயே நிக்குது” என்றார். பிறகு, நான் கேளாமலே, அடுத்த பாத்தியில் பலகையுடன் நின்ற இளைஞனைக் காட்டி, “எம் பேரன். டிகிரி முடிச்சிருக்கான்” என்றார்.

கால்மணி நேரத்துக்குள் ஒரே ஆங்கிலப் பெயர்ச்சொல் மூன்று இடங்களில் மூன்று விஷயங்களைக் குறித்து நின்றது. மூன்றிலும் பேசியவருக்கோ கேட்டவனுக்கோ கடுகளவும் சந்தேகம் எழவில்லை. ஒரு சொல் தன் பொருளை இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்வதைப் பற்றி நம் நாட்டுச் சாஸ்திரகாரர்கள் பலகாலம் சிந்தித்தவர்கள். சைந்தவம் என்ற வடசொல்லுக்குச் சிந்து நாட்டு உப்பு என்றும், சிந்து நாட்டுக் குதிரை என்றும் இரு பொருள் உண்டு. ‘சைந்தவம் கொண்டுவா’ என்று எஜமானன் உண்ணும்போது சொன்னால் உப்பையும், பயணம் புறப்படும்போது சொன்னால் குதிரையையும் கொண்டுவருபவனே சொற்பொருள் அறிந்த பணியாள் என்பது அலங்கார நூலாரும் மீமாம்சகரும் எடுத்தாளும் பிரசித்தமான உதாரணம். உப்பளத்து வரப்பில் நின்றபோது எனக்கு அந்த உதாரணம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் சைந்தவத்தின் இரு பொருள்களுக்கும் ஊர் ஒன்றுதான் பொது. டிகிரியின் பல பொருள்களுக்கு அதைவிட நெருங்கிய உறவு உண்டு என்பதும், அந்த உறவைத் தமிழ் தன் போக்கில் திருத்தி அமைத்துக்கொண்டது என்பதும் என் அபிப்பிராயம்.

சொல்லின் பூர்வோத்தரம் சிக்கலற்றது. இலத்தீன் மொழியில் ‘கிராதுஸ்’ என்றால் காலடி, படிக்கட்டு. அது பிரெஞ்சு மொழியின் வழியாக உருமாறி ஆங்கிலத்தை அடைந்தபோது படிக்கட்டின் ஒரு படி என்னும் பொருளையே முதலில் கொண்டிருந்தது. ஏறுவதற்கு உரிய எதையும் அச்சொல் பிறகு பற்றிக்கொண்டது: சமூகத்தில் ஒருவனுடைய அந்தஸ்து, சர்வகலாசாலையில் மாணவன் எட்டிய நிலை, வட்டத்தின் முந்நூற்றறுபதில் ஒரு பங்கு, வெப்பமானியின் கோடு, இன்னாருக்கு இன்னார் எத்தனையாவது தலைமுறை உறவு என்னும் கணக்கு. இவை தவிர, ‘ஓரளவுக்கு’ என்றும் ‘சிறிது சிறிதாக’ என்றும் நாம் சொல்லும் இடங்களிலும் ஆங்கிலேயன் அதே சொல்லைத்தான் பிரயோகிக்கிறான். அவனுக்கு அது முதன்மையாக ஒரு சரிவு; மெல்ல ஏறலாம், பாதியில் நிற்கலாம், கொஞ்சம் ஏறியவனும் கொஞ்சம் ஏறியவனே.

தமிழுக்கு வந்த டிகிரி இந்தச் சரிவை எடுத்துவரவில்லை. ‘ஓரளவு’ என்ற பொருளில் டிகிரி என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. உறவுக் கணக்கிலும் அது நுழையவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விலக்கப்பட்ட உறவின் டிகிரிகளைப் பற்றிப் பேசி, வழக்காறு அனுமதித்தால் அவ்விலக்கு இல்லை என்றும் ஒரு வாசல் திறந்துவைத்திருக்கிறது. ஆனால் மாமன் மகளையும் அத்தை மகனையும் ‘முறை’ என்ற ஒரு சொல்லால் தீர்த்துவிடுகிற நமக்கு அங்கே டிகிரி தேவைப்படவே இல்லை. நாம் எடுத்துக்கொண்டது கண்ணாடியின்மேல் கீறிய கோட்டை மட்டும். கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே வேறொன்று. இடையிலே எதுவும் கணக்கில்லை. தமிழில் டிகிரி என்பது வாசற்படியாகிய ஓர் எண்.

இதை வினைச்சொற்களைக் கொண்டு சோதிக்கலாம். ஒரு பெயர்ச்சொல்லின் சுபாவம் அகராதியில் இருப்பதைவிட, அது எந்த வினைகளோடு பழகுகிறது என்பதில்தான் நன்றாகத் தெரியும். உப்பளத்தில் டிகிரி ஏறும், இறங்கும், நிற்கும், அதைப் ‘பார்ப்பார்கள்’. கல்லூரியில் டிகிரியைப் படிப்பார்கள், முடிப்பார்கள், வாங்குவார்கள். அங்கே அது ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை, வாங்கியபின் சுவரில் மாட்டப்படும். காய்ச்சலில் சொல்லையே விழுங்கிவிட்டு எண்ணை மாத்திரம் வைத்துக்கொள்வோம்: “நூத்திரெண்டு அடிக்குது” என்று தாய் சொன்னால் வைத்தியருக்குப் போதும். காப்பியில் அது வினையே வேண்டாத அடைமொழி. அரசு வேலை விளம்பரங்களைப் பார்க்கும் பிள்ளைகள் வாயில் அது ‘எனி டிகிரி’ என்று இரட்டையாக வாழ்கிறது. எந்தப் பட்டமானாலும் சரி, ஒன்று வேண்டும் என்பதே அதன் தாத்பரியம். இதைவிடத் துல்லியமாக ஒரு வாசற்படியை வர்ணிக்க முடியாது.

கோர்ட்டு வாசலில் மற்றொரு டிக்ரி உண்டு. வழக்கில் தீர்ப்பாகி, ‘டிக்ரி வாங்கினான்’ என்று நிலத்தகராறுக்காரர்கள் சொல்வது தீர்ப்பாணையைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். இரண்டுக்கும் இலத்தீனில் மூலம் வேறு. நம் நாவு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டபடியால், பெரியவர்கள் கூடிய திண்ணையில் ‘அவன் டிக்ரி வாங்கிவிட்டான்’ என்று யாரேனும் சொன்னால், மகன் பி.ஏ. தேறினானா, அப்பன் வாய்க்கால் வழக்கில் ஜெயித்தானா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்த காலம் உண்டு.

இனி உப்பளத்துக்குத் திரும்புவோம். இந்த ஆராய்ச்சியின் சாரமான பகுதி அங்கேதான் இருக்கிறது. மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இதுவே என்று கருதும் அறிஞர் உளர். அந்நூலில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகள் வருவதும் யாவரும் அறிந்தது. வடக்கே ஆந்திரக் கடற்கரையில் தொடங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூர்ப் பக்கத்தில் வந்து முடிகிறது. அருகே கழுவெளி என்னும் பரந்த உவர்நீர் நிலை; 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளை மிதித்து, களிமண்ணை இறுக்கி, வரப்புகளைச் செப்பனிட்டு, உவர்நீரை உள்ளே விடுகிறார்கள். முதலில் பெரிய தேக்கத்தில் நின்று, அடுத்த பாத்திக்கு மாறி, அங்கே வெயிலில் சுண்டி, அதற்கடுத்ததற்கு இறங்கி, கடைசியில் உப்பு விளையும் பாத்தியை நீர் அடைகிறது. ஒரே நீரைத்தான் பாத்தி பாத்தியாக நடத்திக்கொண்டு போகிறார்கள் என்பதை, கூட நடந்து பார்த்தாலன்றி நம்புவது கடினம். முதற்பாத்தியில் ஆகாயத்தின் நீலம், நடுவில் ஒரு மங்கல், கடைசியில், உவரிலேயே வாழும் நுண்ணுயிர்களின் காரணமாக, இளஞ்சிவப்பு.

கடல்நீர் இந்தக் கணக்கில் ஏறக்குறைய மூன்று டிகிரி. பத்தையும் தாண்டி, ஏறக்குறைய பதின்மூன்றில் ஜிப்சம் அடியில் இறங்கத் தொடங்கும். அதை முந்திய பாத்திகளிலேயே விட்டுவிட வேண்டும். இருபத்தைந்தை ஒட்டி உப்புப் பூக்கும். அப்போது நீர் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். இருபத்தொன்பது, முப்பதைக் கடந்துவிட்டால் மக்னீசிய உப்புகள் கூடிக் கசப்பேறும். எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட்டுப் புது நீர் பாய்ச்ச வேண்டும். ஆகவே மூன்றிலிருந்து இருபத்தைந்து வரை பல நாள் காத்திருந்து, அதன்பின் உள்ள நாலைந்து டிகிரிக்குள் உப்புவாரிக் கரையேற்றிக்கொள்வதே இத்தொழில். மேலே பூத்த உப்பு முதலில் நீரின்மேல் மெல்லிய ஏடாக, பாலாடை போல, மிதக்கிறது. காற்று ஒருமுறை வீசினால் மடிந்து மூலையில் ஒதுங்குகிறது. கனத்ததும் அடியில் படிகிறது. ‘படிகிறது’ என்ற வினையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன், பிறகு தேவைப்படும்.

முதியவர் கையிலிருந்த கருவியை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஈயக் குண்டுகள் நிறைந்த குமிழ். மேலே பென்சில் கனமுள்ள குழாய். குழாய்க்குள் சுருட்டிவைத்த காகிதத்தில் கோடுகளும் எண்களும். வியப்பான விஷயம், பூஜ்யம் உச்சியில் இருக்கிறது, எண்கள் கீழே இறங்க இறங்கப் பெரிதாகின்றன. நல்ல தண்ணீரில் விட்டால் கருவி கழுத்துவரை அமிழ்ந்து பூஜ்யத்தைக் காட்டும். உப்பு ஏற ஏற நீர் அதை மேலே தள்ள, தண்ணீரைத் தொடும் கோடு கீழே உள்ள பெரிய எண்ணாகிறது. இந்த அளவுமுறையை 1768ஆம் ஆண்டு வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தியலர். அவர் தம் பூஜ்யத்துக்குத் தூய நீரை எடுத்துக்கொண்டார். பதினைந்து என்ற கோட்டுக்கு, நூற்றுக்குப் பதினைந்து பங்கு சாதாரண உப்புக் கரைந்த நீரை எடுத்துக்கொண்டார். இடைவெளியைச் சமமாகப் பகுத்து, அதே இடைவெளியைக் கீழ்நோக்கி நீட்டினார். அமிலமும் சர்க்கரைப் பாகும் பிற்காலத்தில் இதே முறையில் அளக்கப்பட்டன. எனினும் பிறப்பில் அது உப்பின் அளவு. பாரீஸ் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் சமையலுப்பைக் கரைத்து வகுத்த எண்தான் இன்றைக்கும் மரக்காணத்துப் பாத்தியில் ‘இருபத்திரெண்டுலயே நிக்குது’ என்று முணுமுணுக்கப்படுகிறது. முதியவருக்கு போமே யார் என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. எனக்கும் அன்று வீடு திரும்பிய பிறகுதான் பெயர் நினைவுக்கு வந்தது.

“கருவி இல்லாதப்போ என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். விரலை நீரில் தோய்த்துக் கட்டைவிரலோடு தேய்த்துக் காட்டினார். எண்ணெய் போல வழுக்கினால் நெருங்கிவிட்டது என்று பொருளாம். உவர்நீரின் கனத்தை முட்டையை மிதக்கவிட்டு அறிவதும் பழைய வழிதான். நெல் விதை தேர்கிற உழவருக்கு வேளாண்மைத் துறையார் கற்பிக்கும் முறையும் அதுவே: தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, புதுமுட்டையின் தலை நாலணாக் காசளவு வெளியே தெரியும்போது நிறுத்தி, அதில் விதையைக் கொட்டினால் பொக்கு மிதக்கும், மணி அமிழும். நாலணாக் காசு 2011ஆம் ஆண்டோடு செல்லாமற் போய்விட்டது. அளவுகோல் மட்டும் பேச்சில் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

இப்பொழுது சாலையோரத்துக் காப்பியைக் கவனிக்கலாம். டிகிரி காப்பி என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் பல. கும்பகோணத்துக் காப்பிக் கடைகளில் பாலில் தண்ணீர் கலவாமல் இருப்பதைப் பால்மானியால் டிகிரி பார்த்து வாங்கினார்கள், அதனால் இப்பெயர் என்பது ஒன்று. சிக்கரி என்ற சொல் மருவி டிகிரி ஆயிற்று என்பது மற்றொன்று. முதல் டிகாக்ஷனுக்கு முதல் டிகிரி என்று பெயர் என்பது வேறொன்று. எனக்கு முதற்கதையின் பக்கமே மனம் சாய்கிறது. காரணம் வரலாற்று ஆதாரம் அன்று, பொருளின் பொருத்தம். பால்மானியும் உப்பளத்துக் கண்ணாடிக் குமிழும் ஒரே கருவி. இரண்டும் ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதப்பு விதியில் நிற்பவை. பால் கனமாக இருந்தால் ஒன்று மேலெழும், உவர் கனமாக இருந்தால் மற்றொன்று மேலெழும். வித்தியாசம் மனிதரின் ஆசையில்தான்: பால்காரரைச் சந்தேகிப்பவர் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார், உப்பளத்துக்காரர் தண்ணீர் எப்போது தொலையும் என்று பார்க்கிறார். சாலைக்கு இந்தப்புறம் டபராவிலும் அந்தப்புறம் பாத்தியிலும் டிகிரி என்று சொல்லப்படுவது, எல்லைக்கு மேலே நிற்கும் கனமே. அந்த எல்லையைத் தாண்டிய பால் டிகிரிப் பால். தாண்டாதது வெறும் பால்.

வெயிலுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. செல்சியஸ் என்ற சுவீடன் நாட்டு வானியலர் 1742ஆம் ஆண்டு தம் அளவுமுறையை வெளியிட்டபோது, நீர் கொதிக்கும் நிலைக்குப் பூஜ்யமும் உறையும் நிலைக்கு நூறும் கொடுத்தார் என்பதும், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள் என்பதும் சுவாரசியமான செய்தி. நம் வானிலைத் துறை செல்சியஸில்தான் கணக்கு வைத்திருக்கிறது. ஆயினும் தமிழ்த் தினசரிகள் கத்திரி வெயில் காலத்தில் பாரன்ஹீட்டுக்குத் தாவி, இத்தனை ஊர்களில் வெயில் சதம் அடித்தது என்று கிரிக்கெட் பாஷையில் எழுதுகின்றன. முப்பத்தேழு புள்ளி எட்டு என்று எழுதினால் யாருக்கும் வியர்க்காது. நூறு என்றால் வியர்க்கும். வாசற்படி இருக்கும் அளவுமுறையைத் தேடிப்போய் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டத்தின் கதையை விரிக்க வேண்டியதில்லை. சென்னைச் சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது; அதன் முதற்பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, நெய்தல் நிலத்துப் பாட்டுகளையும் உள்ளடக்கிய கலித்தொகையை 1887ஆம் ஆண்டு அச்சேற்றியவரும் அவரே. டிகிரிக்குத் தமிழ்க் கல்வியாளர் வழங்கிய ‘பட்டம்’ என்ற சொல், நெற்றியில் கட்டும் பொற்றகட்டைக் குறித்தது. ஆக, அங்கும் ஏறுதல் இல்லை, கட்டிக்கொள்ளுதல் உண்டு. வட்டத்தின் பங்குக்கு ஜோதிஷ நூல்கள் வழங்கிய ‘பாகை’ நமக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிலைத்துவிட்டது. மரக்காணம் ஏறக்குறைய பன்னிரண்டு பாகை வடக்கில் இருக்கிறது என்று எழுதுவோம், பேச்சில் யாரும் சொல்லமாட்டோம்.

அப்படியானால் ஆங்கிலச் சொல்லில் நாம் எடுக்காமல் விட்ட பாதி, அந்தச் சரிவு, தமிழில் யாரிடம் இருக்கிறது? ‘படி’யிடம் இருக்கிறது. இலத்தீன் மூலத்தின் நேர்ப்பொருளும் படிதான். மெல்ல மெல்ல ஏறுவதைப் ‘படிப்படியாக’ என்கிறோம். ஏட்டைப் பார்த்து அறிவதையும் படி என்கிறோம். முகத்தல் அளவையும் படி. மெட்ரிக் அளவைகள் வருவதற்கு முன் தெருவில் உப்பு விற்றவர்கள் படியால்தான் அளந்தார்கள். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது பஞ்சப்படி, பயணப்படி. ஊருக்கெல்லாம் சோறு போடும் கடவுளுக்குப் பெயர் படியளப்பவன். பாத்தியின் அடியில் உப்பு சேர்வதும் படிதல்தான். இவை யாவும் ஒரே வேரில் கிளைத்தவை என்று நான் துணிந்து கூறவில்லை. படிகம் என்பது ஸ்படிகத்தின் தமிழ் வடிவம் என்பதையும், ‘அளம்’, ‘அளத்தல்’ என்பவற்றின் ஓசை ஒற்றுமையைக் கொண்டு ஒரு சொற்பிறப்பைக் கட்டிவிடும் சபலத்தையும் அறிந்தே, ஒதுங்கி நிற்கிறேன். ஓசையில் ஒன்றாகிவிட்ட சொற்களை மக்கள் மனம் ஒன்றாகவே கையாள்கிறது என்று மட்டும் சொல்வேன். படி வீட்டில் இருந்தமையால், டிகிரியை நாம் வாசலோடு நிறுத்திக்கொண்டோம். பல நாள் பாத்தி மாற்றிப் பாத்தி நடப்பது படியின் வேலை. இருபத்தைந்தில் நின்று ‘ஆயிற்று’ என்று சொல்வது டிகிரியின் வேலை. மூன்றாண்டு கல்லூரிக்குப் போய் இறுதித் தாள் ஒன்றில் தவறியவன் படித்தவன் தான். டிகிரி முடித்தவன் அல்லன்.

வெயில் சாயும் நேரத்தில் மறுபடி அந்த வரப்புக்குப் போனேன். கிழக்கே மேகம் சிறிது திரண்டிருந்தது. “ஒரு தூறல் போட்டாப் போதும், டிகிரி எறங்கிடும்” என்று முதியவர் வானத்தைப் பார்த்தார். மாலை வெளிச்சத்தில் அவருக்குக் கோடு தெரியவில்லை. பேரனைக் கூப்பிட்டுக் குவளையை நீட்டினார். அவன் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டுக் குனிந்து, குழாயைச் சுற்றித் தண்ணீர் வளைந்து ஏறி நிற்கும் விளிம்பை விட்டு, நீர்மட்டம் தொடும் கோட்டைப் பார்த்து, “இருபத்திரெண்டரை தாத்தா” என்றான்.

“அரை ஏறியிருக்கா?” என்றார் அவர். கருவியைத் துடைத்துத் துணியில் சுற்றினார். “மழை இல்லேன்னா அஞ்சாறு நாள்ல பூத்துடும்.”